ஆறு யூனிட்டுக்கும் ஒரே போர்டு

எனக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது. யாராவது கேட்டால் படியில் விழுந்தேன் என்று சொல்லிவைப்பேன். பொய். போர்டக்கா போன் ரிசீவரால் அடித்து உடைத்த பல் அது. அடித்தது நியாயம். இன்னும் இரண்டு பல் சேர்ந்து போயிருந்தாலும் நான் ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன்.

போர்டக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. எங்கள் சலவைக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்து பேசியதால் ஒட்டிக்கொண்டது. நான் அதே கம்பெனியில் போன் மெக்கானிக். ஓட்டல்கள், ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் போர்வை, துண்டு, தலையணை உறைகளை வெளுத்துத் தேய்த்துத் திருப்பிக் கொடுப்பதுதான் கம்பெனியின் வேலை. ஊரின் ஆறு மூலைகளில் ஆறு யூனிட். தலைமை ஆபீஸ் நடு ஊரில், மாடியில்.

அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் இடது காதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அந்தக் காது கேட்காது. கல்யாணமான இரண்டாவது வருஷம், சட்டைப் பித்தான் தைக்கவில்லை என்று புருஷன் விட்ட அறையில் சவ்வு கிழிந்து போனது. லாரி ஓட்டுகிற கை, சும்மாவா இருக்கும். மறுநாள் காலை காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ரிசீவரை வலது பக்கம் மாற்றிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். பஞ்சில் ரத்தம் ஊறி ஊறி மதியத்துக்குள் நாலு தடவை மாற்றினாளாம். அதற்கப்புறம் மூன்று மாசம் பொறுத்தாள். மறுபடி அவன் கையை ஓங்கிய அன்று அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலை எடுத்து அப்படியே அவன் மேல் வீசினாள். கழுத்திலிருந்து தோள் வரைக்கும் தோல் உரிந்து, ஊளையிட்டுக்கொண்டு தெருவில் ஓடியவன் திரும்பி வரவே இல்லை. அவன் போனதில் அக்காவுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கெட்டில்தான் நசுங்கிவிட்டது என்று அங்கலாய்ப்பாள்.

முன்பெல்லாம் யூனிட்டுக்கு ஒரு போர்டு, ஒரு ஆபரேட்டர். கேட்டுக்குப் பக்கத்தில் சின்னக் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார்கள். யார் உள்ளே வருகிறார், யார் வெளியே போகிறார் என்பதெல்லாம் அவர்கள் கண்ணில் படாமல் நடக்காது. புது மேனேஜர் வந்தார். ஆறு பேர் செய்யும் வேலையை ஒருத்தி செய்யட்டும் என்றார். ஆறு யூனிட்டின் லைன்களையும் தலைமை ஆபீசுக்கு இழுத்து ஒரே போர்டில் சேர்த்தோம். சேர்த்தோம் என்ன, நான்தான் சேர்த்தேன். எந்த யூனிட் நம்பருக்குப் போன் வருகிறதோ அந்த யூனிட்டின் விளக்கு போர்டில் எரியும். அக்கா எடுத்து, வேண்டியவருக்கு இணைத்துவிடுவாள். கூப்பிடுகிறவர் தன் பக்கத்து யூனிட்டோடுதான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார். உங்கள் பக்கம் மழையா என்று கேட்டால் அக்காவும் கூசாமல், இப்பத்தான் விட்டது என்பாள்.

மற்ற ஐந்து பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி நாள் மூன்றாவது யூனிட் ஆபரேட்டர் தலைமை ஆபீசுக்கு வந்து, மாடிப்படியிலேயே அக்காவின் கூந்தலைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினாள். பதினாறு வருஷ வேலை போன ஆத்திரம். அக்காவின் உதடு கிழிந்தது. விலக்கப் போன என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள் அந்தப் புண்ணியவதி. கெட்டில் வீசிய அக்கா அன்றைக்குக் கையை உயர்த்தவே இல்லை.

“அடிக்கட்டும் விடுடா. அவ சீட்லதான நான் உக்காந்திருக்கேன்,” என்றாள்.

எனக்கு அன்று அழுகை வந்தது. ஆனாலும் சாயங்காலம் போய் மூன்றாவது யூனிட் கேட்டிலிருந்த போனைக் கழற்றிக்கொண்டு வந்தேன். எல்லா கேட்டிலும் கழற்றினேன். ஆபரேட்டர் இல்லாத அறையில் போன் எதற்கு என்று மேனேஜர் கேட்டார். எனக்கும் சரியென்றுதான் பட்டது.

இதற்கு மேல் ஒரு சாமர்த்தியமும் செய்தேன். இணைத்த இடத்தில் யாரும் எடுக்காவிட்டால் அரை நிமிஷத்தில் அழைப்பு போர்டுக்கே திரும்பி வந்துவிடும். அந்த அரை நிமிஷம் கூப்பிட்டவர் சும்மா நிற்பானேன் என்று யூனிட்டுக்கு ஒரு பதிவுக் குரல் போட்டேன். எந்த யூனிட், எந்தத் தெரு, எதற்கு எதிரில் என்று அடையாளத்தோடு சொல்லிவிட்டு, காத்திருங்கள் என்று முடியும். துணி எடுக்க வரும் வண்டிக்காரர்களுக்கு வழி தெரியட்டும் என்பது என் மூளை. மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அக்காவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அவள் எந்த அழைப்பையும் அந்தப் பதிவில் தள்ளமாட்டாள். வெளியாளை நிறுத்திவைத்துவிட்டு, முதலில் உள்ளே கூப்பிட்டு இன்னார் பேசுகிறார், கொடுக்கட்டுமா என்று கேட்பாள். சரி என்றால்தான் இணைப்பாள். ஒரு நாளைக்கு முந்நூறு அழைப்பு வந்தாலும் இதுதான் வழக்கம். அழுத்திவிட்டால் தானாகப் போய்விடும், எதற்கு இந்த வெட்டி வேலை என்று நான் கிண்டல் செய்வேன்.

அக்கா சின்னவள் என்று கூப்பிடுகிற பெண் வந்தது அப்புறம்தான். வந்தது என்றால் குரலாக வந்தாள். இரண்டாவது யூனிட்டில் பிரஸ் மெஷினில் போர்வை தேய்க்கிற பெண். ஒருநாள் போர்டுக்குப் போன் செய்து பேசவே முடியாமல் அழுதாளாம். யூனிட் வாசலில் வைத்து அவள் புருஷன் மூக்கை உடைத்திருந்தான். அதற்கு முந்தின வாரம் முதுகில் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்திருக்கிறான். அக்கா அன்று முழுக்க யாரையெல்லாமோ கூப்பிட்டாள். சூப்பர்வைசரைக் கெஞ்சினாள், பர்சனல் ஆபீசரை மிரட்டினாள். ஒரே வாரத்தில் சின்னவளை ஊரின் மறுகோடியிலிருந்த ஐந்தாவது யூனிட்டுக்கு மாற்றி, பெண்கள் ஹாஸ்டலில் இடம் பிடித்து, ஆறு வயசுக் குழந்தையை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். எல்லாம் உட்கார்ந்த சீட்டிலிருந்தே. காலையில் “வந்துட்டேங்க்கா,” சாயங்காலம் “கெளம்பறேங்க்கா” என்று இரண்டு போன் வந்தால்தான் அக்காவுக்குச் சோறு இறங்கும். ஒன்றரை வருஷம் இப்படி. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. அக்கா சீட்டை விட்டு நகர முடியாது, சின்னவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட்.

அவன் தேடாமல் இருப்பானா? கம்பெனிக்கு ஆறு யூனிட் என்று அவனுக்குத் தெரியும். டைரக்டரியில் ஆறு நம்பரும் இருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் வரிசையாக ஆறையும் கூப்பிடுவான். ஆறும் ஒரே போர்டுக்கு வருகிறது என்பது அந்த நாய்க்குத் தெரியாது. அக்கா ஆறு பொம்பளையாகப் பேசுவாள். முதல் யூனிட் விளக்கு எரிந்தால் இருமிக்கொண்டே பேசுவாள். இரண்டாவதுக்கு மூக்கால் பேசுவாள். நாலாவதில் காது மந்தமான கிழவி. யாரு, எந்தப் பொண்ணு, சத்தமாச் சொல்லுங்க தம்பி என்று அவனைக் கத்தவிட்டு, தொண்டை காய்ந்த பிறகு அப்படி யாருமில்லையே என்று வைப்பாள். ஐந்தாவதுக்கு மட்டும் அவள் சொந்தக் குரல். முக்கியமான பொய்யை நடிச்சுச் சொன்னா மாட்டிக்குவோம் என்பாள். அப்படி ஆளே இல்லை என்று ஆறு பேர் சொன்னால் எவனும் நம்புவான். அவனும் முக்கால்வாசி நம்பியிருந்தான்.

அந்த நாள் மதியம் அக்காவை மாற்றிவிட வருகிற பெண் லீவு. சாப்பிட்டுக் கை கழுவிட்டு வரேன், பத்து நிமிஷம் பாத்துக்கோ என்று அக்கா எழுந்து போனாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை, எது வந்தாலும் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் மாட்டிய போர்டு, எனக்கா தெரியாது என்று ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது யூனிட் விளக்கு எரிந்தது. ஒரு ஆள் அழுதான். நிஜமான அழுகை மாதிரியே இருந்தது. பள்ளிக்கூடத்தில் குழந்தை மாடியிலிருந்து விழுந்துவிட்டது, தலையில் அடி, அவள் அம்மாவிடம் உடனே சொல்ல வேண்டும், நான் வாத்தியார் பேசுகிறேன் என்றான். சின்னவள் பெயரைச் சொன்னான். நான் நம்பிவிட்டேன். நிறுத்திவைக்கவில்லை. உள்ளே கேட்கவில்லை. ஐந்தாவது யூனிட் பிரஸ் ஹால் எண்ணை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். புதுப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எதற்குப் பழைய யூனிட் நம்பருக்குக் கூப்பிடுகிறான் என்று ஒரு நொடி யோசித்தேனா? இல்லை.

ஹாலில் யாரும் எடுக்கவில்லை. இருபது மெஷின் ஓடுகிற இடத்தில் மணி யார் காதில் விழும்? அரை நிமிஷத்தில் அழைப்பு திரும்பி வந்தபோது எதிர்முனையில் ஆள் இல்லை. பாவம் அவசரம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் படபடவென்று சொன்னேன். அவள் கத்தவில்லை.

“உள்ள கேட்டுட்டுக் குடுத்தியா?”

“இல்லக்கா, அவசரம்னு...”

“உன் ரெக்கார்டு ஓடுச்சா?”

ஓடியது என்றேன். ஐந்தாவது யூனிட், ரயில்வே கேட் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில். அதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அவன் வைத்திருக்கிறான் என்பது என் மண்டையில் ஏறுவதற்குள் அக்கா மேஜை மேலிருந்த பழைய கனத்த ரிசீவரை எடுத்து என் வாயில் அடித்தாள். பல் தெறித்துப் போர்டில் விழுந்தது. அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, என் ரத்தம் சிந்திய பட்டன்கள் மேலேயே விரலை வைத்து வேலையை ஆரம்பித்தாள்.

பிரஸ் ஹால் எடுக்கவில்லை. சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தான். கேட்டுக்குச் சொல்லலாம் என்றால் கேட்டில் போன் இல்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து மேஜையிலிருந்து போலீசைக் கூப்பிட்டேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அவன் குடியிருந்த இடத்திலிருந்து ரயில்வே கேட்டுக்கு மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம்கூட ஆகாது. நடுவில் ஏதோ ஓட்டல்காரன் துண்டு இன்னும் வரவில்லை என்று கூப்பிட்டான். ஒரு நிமிஷம் சார் என்று அவனை நிறுத்திவைத்துவிட்டு அக்கா அந்த யூனிட்டின் எட்டு எண்களையும் மாற்றி மாற்றி அழுத்தினாள். கடைசியில் பாய்லர் அறையில் எடுத்தார்கள்.

“பாய்லர்காரரே, ஸ்டீமை மூடுங்க. எல்லா மெஷினும் நிக்கணும். ஏன்னு கேக்காதீங்க.”

மேனேஜர் கேட்பாரே என்று அவர் இழுத்தார். நான் சொன்னேன்னு சொல்லுங்க, ஒரு உயிரு போகப்போகுது என்றாள். மனுஷன் மூடிவிட்டார். ஹாலில் சத்தம் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. அடங்கியதும் அக்கா போர்டிலிருந்து ஐந்தாவது யூனிட்டின் ஒலிபெருக்கியைத் திறந்தாள்.

“சின்னவளே, அக்கா பேசறேன். உன் புருஷன் வந்துட்டிருக்கான். பின்னாடி லாரி ஏத்துற வாசல் வழியா ஓடிரு. நிக்காத. மத்தவங்க எல்லாரும் முன்கதவைச் சாத்துங்கம்மா.”

சின்னவள் காதில் அது விழுந்தது, அக்கா சொன்னபடியே ஓடினாள். ஆனால் முன்பக்கம் வாட்ச்மேன் நிற்பதைப் பார்த்துவிட்டு அவன் மதில் சுற்றிப் பின்பக்கம் போயிருந்தான். லாரி நின்றதால் அந்த வாசல் திறந்தே கிடந்தது. எங்களுக்கு இங்கே என்ன தெரியும்? கண் இல்லாத வேலை எங்களுடையது. அக்கா மறுபடி அழுத்தியபோது ஹால் போனை யாரோ எடுத்துவிட்டுக் காதில் வைக்காமல் தொங்கவிட்டார்கள். அக்கா ஹெட்செட்டை உருவிவிட்டு மேஜை ஸ்பீக்கரில் போட்டாள். ஓடுகிற காலடிச் சத்தம். அப்புறம் “அக்கா” என்று ஒரே ஒரு குரல். அது யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்கு மேல் கேட்டதெல்லாம் அடி. இறைச்சி வெட்டுகிற கத்தியோடு வந்திருந்தான். இரண்டாவது தடவை ஓங்குவதற்குள் ஒருத்தி ஈரப் போர்வையை அவன் தலைமேல் வீசி முறுக்கிப் பிடித்திருக்கிறாள். மற்றவர்கள் துணித் தள்ளுவண்டியின் இரும்புக் கம்பிகளை உருவிக்கொண்டார்கள். ஸ்பீக்கரில் கம்பி எலும்பில் விழுவதும் தரையில் விழுவதும் தனித்தனியாகக் கேட்டது. அவன் அம்மா அம்மா என்று கத்தினான். ஒரு குரல் எண்ணிக்கொண்டே அடித்தது, பதினொன்று வரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நிறுத்தச் சொல்லி அக்கா ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாய்லர்காரர்தான் தொங்கிய போனை எடுத்தார். கழுத்துல வெட்டிட்டாம்மா, உயிர் இருக்கு என்றார். எந்த வழியாக வந்தான் என்று அக்கா கேட்டாள். அவர் சொன்னார். அக்கா ஆம்புலன்சைக் கூப்பிட்டாள், எந்தத் தெரு, எதற்கு எதிரில் என்று நிதானமாக வழி சொன்னாள். நிறுத்திவைத்த ஓட்டல்காரனை எடுத்து, நாளைக்குத்தான் வரும் சார் என்றாள். அப்புறம் தலையைப் போர்டில் நங்கு நங்கென்று முட்டிக்கொண்டாள். நான் தோளைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அவனுக்கு ஒரு கண் போனது, இடுப்புக்குக் கீழே ஒன்றும் அசையாது என்று கேள்வி. பாய்லரை நிறுத்தச் சொல்ல ஆபரேட்டருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று மேனேஜர் விளக்கம் கேட்டு அக்காவுக்குக் கடிதம் கொடுத்தார். அக்கா அதை அவர் கண்ணெதிரே நாலாகக் கிழித்து அவர் டீக்கப்பில் போட்டாள். குழந்தையை, வெட்டு விழுந்த அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்திலிருந்து தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பார்க்க விட்டார்கள். நீயும் வாடா என்று என் சட்டைக் காலரைப் பிடித்துத்தான் கூட்டிப் போனாள். வார்டில் எட்டுக் கட்டில். எட்டிலும் பெண்கள், பாதிப் பேருக்கு முகம் தெரியாத அளவுக்குக் கட்டு. அக்கா நடுவில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தாள். ஒன்றரை வருஷம் பேசியவளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பொண்ணோட குரல்தான் சிஸ்டர் எனக்குத் தெரியும் என்று நர்சிடம் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டு ஜன்னலோரக் கட்டிலிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். பேச்சு வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்னப் பெண். அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அந்த வாசலுக்கு ஓடச் சொன்னது நான்டி. அவன் அங்க நிப்பான்னு எனக்குத் தெரியல.”

சின்னவள் அக்காவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா என்னைப் பார்த்து, நீ செஞ்சதை நீயே சொல்லு என்றாள்.

மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். காலில் விழுவதென்றுகூட நினைத்திருந்தேன். “அன்னைக்குப் போர்டுல நான்தாம்மா இருந்தேன். பாப்பா மாடிலருந்து விழுந்துட்டா, தலைல அடின்னு போன் வந்துச்சு. நான் அவசரத்துல...”

முடிக்கவில்லை. அவள் எழுந்துவிட்டாள். குழாய் இழுபட, கழுத்துக் கட்டின் மேல் சிவப்பு பரவ, இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். வாய் திறந்து திறந்து மூடியது, காற்றுதான் வந்தது. நர்ஸ் ஓடி வந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, என்னைக் கொல்லட்டும் என்று நின்றேன். அக்காவுக்குத்தான் புரிந்தது.

“பொய்டி அது. பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. அவன் சொன்ன பொய். பாப்பா எங்க வீட்ல இருக்கா, காலைல பால் குடிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா. சின்னவளே, இங்க பாரு, பாப்பா நல்லா இருக்கா.”

மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவைதான் என் சட்டையை விட்டாள். படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள், கண்ணோரம் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. நான் சொல்ல வந்த மிச்சத்தை அவள் கேட்கவும் இல்லை, அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவும் இல்லை.